கல்லில் பதியாத கைகள்

கல்வராயன் மலைப்பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. அங்கே பிறக்கும் மணிமுக்தா ஆறு விருத்தாசலத்தை எட்டும்போது, சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டுக் கோடி ஆண்டுக்கு முந்தைய கிரட்டேசியஸ் கடலின் படிவுகள் கிடக்கின்றன. மலையோடு ஒப்பிட்டால் நேற்றைய கடல்.

மலைப்பக்கத்துக் கள்ளக்குறிச்சியும் விருத்தாசலமும் அன்று தென்னார்க்காடு மாவட்டம். அதையும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தையும் ஆராய்ந்த புவியியலாளர் எச்.எஃப். பிளான்ஃபோர்ட், ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று இப்படிவுகளை அடுக்கு பிரித்து 1862இல் அறிக்கை வெளியிட்டார். அதே ஆண்டு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தவர் மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இங்கே புதைபடிவங்களாகக் கிடைத்த கடலுயிர்களில், ஓடுடைய பிராக்கியோபோடுகளையும் அறைகளில் வாழ்ந்த பிரயோசோவாக்களையும் 1872-73இல் ஒரே தொகுதியில் விவரித்தார். 1874இல் லடாக்கில் இறந்தபோது அவருக்கு வயது 36.

பிரயோசோவாக்கள் கூட்டமாக வாழ்பவை. தனி உயிர் ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கல்லில் எஞ்சியது அவற்றின் சுண்ணாம்பு அறை மட்டும். வீடு இருக்கிறது, ஆள் இல்லை. இன்றைய கடலில் வாழும் உறவினத்தை நுண்ணோக்கியில் வைத்தால்தான் ஆள் தெரியும். வாயைச் சுற்றி வளையமாக உணர்நீட்சிகள். ஒன்றைக் குறுக்கே வெட்டினால் நடுவே திரவம் நிறைந்த குழல், அதைச் சுற்றிக் கொலாஜன் உறை, வெளியே வரிசை வரிசையாகக் குற்றிழைகள் முளைத்த செல்கள். பக்கக் குற்றிழைகள் துடித்து நீரை உள்ளே இழுத்து இடுக்குகள் வழியே வெளியேற்றும். அந்த இடுக்கில் விறைத்து நிற்கும் இன்னொரு வரிசை, நுண்பாசியைத் தடுத்து நிறுத்தும்.

இவ்வளவு நுட்பமான உறுப்பில் ஒரு இழைகூட அரியலூர்க் கல்லில் இல்லை. ஆனால் பிரயோசோவாக்களையும் பிராக்கியோபோடுகளையும் விலங்கியலார் நெடுங்காலம் உறவாக்கியதே இரண்டுக்கும் உள்ள இந்த நீட்சி வளையத்தை வைத்துத்தான். நட்சத்திரமீனும் நாமும் அடங்கிய கிளைக்குப் பக்கத்தில் அவற்றை வைத்தவர்களும் பலர். 1995இல் வந்த மரபணு ஆய்வு அவற்றை நத்தை, மண்புழு பக்கம் நகர்த்தியது. பிரயோசோவாக்களுக்கும் பிராக்கியோபோடுகளுக்கும் இடையிலான நெருக்கம் பற்றிய வாதம் ஓயவில்லை. உறவுமுறை மாறினாலும் ஸ்டோலிச்கா பார்த்த ஓடுகளும் அறைகளும் மாறவில்லை. அவற்றை மறுபடி எடுத்துப் பார்க்கலாம், எடுத்து வைத்திருந்தால்.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் இன்று சிமெண்டாகிறது. சுருள் ஓட்டு அம்மோனைட் என்றால் யாராவது பொறுக்கி வைப்பார்கள், அழகு அப்படி. பிரயோசோவாவை யார் குனிந்து எடுப்பார்? சிமெண்டு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சுரங்கத்தின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு மூட்டைக் கல்லையாவது, அரைவைக்குப் போகுமுன், பக்கத்துக் கல்லூரிக்கு அனுப்பும் நிபந்தனையை உரிமத்தில் சேர்க்கலாம்.