உப்பளத்தில் ஒரு கல்யாண போட்டோ

வெளிநாட்டில் ஒரு ஜோடி திராட்சைத் தோட்டத்தில் கல்யாணம் செய்துகொள்கிறது. பின்னால் ஒயின் பீப்பாய்கள் அடுக்கி இருக்கின்றன. பொண்ணு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கொடிகளுக்கு நடுவே ஓடுகிறாள். மாப்பிள்ளை ஏதோ ஜோக்கடிக்க, ஒரு பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். ஒருவர்கூட கேமராவைப் பார்க்கவில்லை. இணையத்தில் இந்த மாதிரி போட்டோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. பார்க்கிற யாருக்கும் கொஞ்சம் ஆசை வரத்தான் செய்யும்.

தூத்துக்குடியில் திராட்சைத் தோட்டம் கிடையாது. உப்பு இருக்கிறது! அதனால் கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் கார் ஜோடியை ஏற்றிக்கொண்டு உப்பளத்துக்குப் போகிறது. தரையில் புரளும் கவுன், வாடகை கோட்டு, கலர் புகை, தலைக்கு மேல் ஒரு ட்ரோன். உப்பு அம்பாரத்தைச் சரியான கோணத்தில் எடுத்தால் பனிமலை மாதிரியே இருக்கும். சுவிட்சர்லாந்து டிக்கெட் காசு மிச்சம் :)

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். உப்பளத்துக்குப் போவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் 'பெர்சனல்' என்று சொல்லிக் காசு வாங்கி எடுத்த போட்டோவில், இந்த ஜோடியின் முகத்தை எடுத்துவிட்டு இன்னொரு ஜோடியின் முகத்தை ஒட்டினால் ஒரு வித்தியாசமும் தெரியாது என்றால், அது யாருடைய போட்டோ?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். பிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம்தான். ஒவ்வொரு க்ளிக்குக்கும் காசு. அதனால் போட்டோகிராபர் எண்ணி எண்ணி எடுத்தார். தாலி கட்டுவது, மோதிரம் மாற்றுவது, பந்தி, பிறகு மேடையில் சித்தப்பா குடும்பம், மாமா குடும்பம் என்று வரிசையாக குரூப் போட்டோ. எல்லாரும் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றார்கள். அடுத்து வீடியோ கேசட் வந்தது. தாமரைப் பூ விரியும், உள்ளேயிருந்து மாப்பிள்ளை தலை சுழன்றுகொண்டே வரும். அந்த 'மிக்சிங்'கைப் பார்த்து இன்று சிரிக்காதவர் யார்?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கல்யாணங்களில் விளையாட்டுக்குப் பஞ்சமே இல்லை. குடத்துக்குள் கையை விட்டு மோதிரம் எடுப்பார்கள், தலையில் அப்பளம் உடைப்பார்கள், தேங்காய் உருட்டுவார்கள். மாப்பிள்ளையை மச்சினிமார் அழவைக்காத குறையாகக் கலாய்ப்பார்கள். ஆல்பத்தில் மட்டும் அதெல்லாம் குறைவு. 36 படக் கணக்கில் கலாட்டாவுக்கு எத்தனை பிரேம் ஒதுக்க முடியும்?

டிஜிட்டல் கேமரா அந்தக் கணக்கை உடைத்தது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் எடுக்கலாம், பிடிக்காததை அழிக்கலாம். மேடையை விட்டு இறங்கி சமையல் கட்டு வரைக்கும் போகலாம். 'கேண்டிட்' என்று இங்கே பெயர் வாங்கிய பாணி இப்படித்தான் பரவியது. அமெரிக்காவில் டெனிஸ் ரெஜி என்பவர் பிலிம் காலத்திலேயே இதைச் செய்து பேர் வாங்கினார். 1996 செப்டம்பரில் ஜான் எஃப். கென்னடி ஜூனியரின் கல்யாணத்தை எடுத்தவர் அவர். கம்பர்லேண்ட் தீவில் ஒரு சின்ன மரக் கோவிலில் நடந்த கல்யாணம். வெளியே வரும்போது மாப்பிள்ளை பொண்ணின் கையை எடுத்து முத்தமிடுகிறார். அதுதான் உலகம் முழுக்கப் போன படம். பின்னணியில் அரண்மனையும் இல்லை, ட்ரோனும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், கேண்டிட் என்பதே இப்போது ஒரு போஸ் ஆகிவிட்டது. "அண்ணா, அங்க பார்த்துச் சிரிங்க, கேமராவப் பார்க்காதீங்க" என்று சொல்லி எடுக்கிறார்கள். "அக்கா, அண்ணன் ஏதோ ஜோக்கு சொன்ன மாதிரி சிரிங்க." அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, அக்காவுக்குச் சிரிப்பும் வரவில்லை. கவுன் காலில் தடுக்குமே என்ற கவலைதான் வருகிறது. முன்பு "எல்லாரும் இங்க பாருங்க" என்றார்கள், இப்போது "யாரும் இங்க பார்க்காதீங்க" என்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்!

திராட்சைத் தோட்டக் கல்யாணம் அழகாக இருப்பதற்குத் தோட்டம் மட்டும் காரணம் இல்லை. பல இடங்களில் அந்த ஜோடிக்கும் அந்த இடத்துக்கும் ஏதோ ஒரு சம்பந்தம் இருக்கிறது. அங்கே வளர்ந்திருப்பார்கள், அல்லது முதன்முதலில் அங்கே சந்தித்திருப்பார்கள். காப்பி அடிக்க வேண்டியது அந்தச் சம்பந்தத்தை. இங்கே பீப்பாயை மட்டும் காப்பி அடிக்கிறார்கள்.

அப்படிப் பார்த்தால் தூத்துக்குடி மாதிரி ஒரு ஊர் கிடைக்கப் போட்டோகிராபர் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கரைக்குப் போனால் வள்ளம். தெற்கே போனால் மணப்பாடு. 1542ல் புனித சவேரியார் வந்து தங்கியதாகச் சொல்லப்படும் குகை, மேட்டின் மேல் கோவில், கீழே கடல். பனிமய மாதா ஆலயம் 1982ல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற சொந்தமெல்லாம் ஊருக்கு வந்து சேரும். தலைமுறை தலைமுறையாக அங்கே ஞானஸ்நானமும் கல்யாணமும் நடந்த குடும்பங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட குடும்பத்துப் பொண்ணு, பாட்டி தாலி வாங்கிய அதே இடத்தில் நிற்கும்போது அதைவிட 'பெர்சனல்' ஆன லொகேஷன் எது?

இன்னொரு விஷயம். முத்துக்குப் பேர் போன கரை இது. ஆனால் 1961க்குப் பிறகு இங்கே பழைய மாதிரி முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில்தான் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. இருந்தாலும் இன்று கடையில் கிடைக்கும் முத்துமாலையில் பெரும்பாலானது சீனாவில் விளைந்த வளர்ப்பு முத்து. மாறாக, சங்கு குளிப்பது நிற்கவில்லை. இந்தக் கடலில் மூழ்கி எடுத்த சங்கு காலங்காலமாக வங்காளத்துக்குப் போய், அங்கே கல்யாணப் பெண்ணின் கையில் வெள்ளை வளையலாக ஏறியது. எங்கோ இருக்கிற மணப்பெண்ணுக்கு வளையல் கொடுத்த கரை, சொந்த மணப்பெண்ணின் ஆல்பத்தில் ஒரு மங்கலான நீலப் பின்னணியாக மட்டும் இருக்கிறது. சங்கு குளிக்கிறவர் வீட்டுக் கல்யாணத்தில், அப்பா எடுத்த சங்கை மேடையில் வைத்து ஒரு படம் எடுத்தால் எப்படி இருக்கும்? இழுவைப் படகில் வேலை பார்த்தவரின் மகள் அப்பாவின் பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு சிரித்தால்? மக்ரூன் போடும் பேக்கரிக்காரர் வீட்டில் கேக்குக்குப் பதில் மக்ரூனை ஊட்டி விட்டால்? எல்லாமே விளையாட்டுதான். வாடகைக்கு எடுத்த விளையாட்டு இல்லை.

சரி, மறுபடி உப்பளத்துக்கு வரலாம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடிப் பக்கம். மழைக்காலத்தில் உற்பத்தி கிடையாது, கோடையில்தான் உச்சம். கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் பொதுவாகக் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும் வரிசையாகக் கல்யாணம். அதாவது போட்டோ ஷூட்டும் உப்பு வாருவதும் ஒரே சீசனில் வருகின்றன. வெயில் ஏறும் முன்னால் முடித்துவிட வேண்டும் என்று இரண்டு கூட்டமும் ஒரே விடிகாலையில் வந்து நிற்கின்றன. ஒரு கூட்டம் கூலிக்கு, ஒரு கூட்டம் கூலிங் கிளாஸோடு.

கேமரா படித்தவர்களுக்குத் தெரியும், உப்பளத்தில் வெளிச்சத்தைக் கணக்கிடுவது தலைவலி. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைக்கும். வெள்ளை உப்பைக் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று தானாகக் குறைத்துவிடும். உப்பு அழுக்காகத் தெரியும், முகம் கறுத்துப்போகும். ஒன்று இரண்டு ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் வந்து போகிற கேமராவுக்கே இந்த நிலை என்றால், பாதி வாழ்நாள் அந்த வெள்ளையைப் பார்க்கிற கண்களுக்கு? உப்புத் தண்ணீரில் நிற்கிற கால்களுக்கு? ராஜம் கிருஷ்ணன் இந்த மக்களை நேரில் பார்த்துத்தான் 'கரிப்பு மணிகள்' எழுதினார். ஷூட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியோ, "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, பிரேம்ல வர்றீங்க." அவர்கள் வேலை செய்கிற இடம், அவர்கள் குவித்த அம்பாரம், தள்ள வேண்டியதும் அவர்களா?

கானாவூர்க் கல்யாணக் கதை எல்லாருக்கும் தெரியும். ஒயின் தீர்ந்துபோகிறது, இயேசு தண்ணீரை ரசமாக்குகிறார். பந்தி விசாரிப்பவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தண்ணீர் மொண்ட வேலைக்காரர்களுக்குத்தான் தெரியும் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. கல்யாண போட்டோக்காரர்கள் அந்த இடத்தை ஒருமுறை படிக்கலாம். அண்டா கிளறுகிறவர், பூ கட்டுகிறவர், மைக் செட்காரப் பையன், இவர்கள் இல்லாமல் கல்யாணம் ஏது?

கடைசியாகக் காசு. ட்ரோன், டீஸர், ஹைலைட்ஸ் என்று பேக்கேஜ் ஏறிக்கொண்டே போகிறது. பல வீடுகளில் அது அப்பா வாங்கும் கடனில் ஒரு வரி. இத்தனை செலவழித்தும் கடைசியில் கிடைப்பது ஒரு லிங்க் அல்லது பென்டிரைவ். லிங்க் காலாவதியாகும், பென்டிரைவ் தொலையும். 2011ல் ஜப்பானில் சுனாமி அடித்தபோது சேற்றில் கிடந்த குடும்ப போட்டோக்களைத் தன்னார்வலர்கள் பொறுக்கிக் கழுவி, காயவைத்து, உரியவர்களிடம் சேர்க்கப் பாடுபட்டார்கள். வீடு போனவர்கள் அதைத் தேடி வந்து வாங்கினார்கள். அவர்கள் தேடியது நல்ல பின்னணியையா, முகத்தையா? அதனால் ட்ரோனைக் குறைத்துக்கொண்டு ஐம்பது படத்தையாவது பிரிண்ட் போட்டு வைப்பது நல்லது.

கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. போட்டோகிராபரிடம் லொகேஷன் லிஸ்ட் கேட்பதற்கு முன்னால், வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள், யாருக்கு எதைப் பார்த்தால் சிரிப்பு வரும் என்று ஒரு லிஸ்ட் எழுதிக் கொடுங்கள். உப்பளத்துக்குப் போவதாக இருந்தால் தாராளமாகப் போங்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் முதலில் பேசுங்கள். வந்து நிற்கச் சம்மதித்தால் அவர்களோடும் ஒரு படம் எடுங்கள், ஒரு பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள். முப்பது வருடம் கழித்து ஆல்பத்தைத் திறக்கும்போது, "இது எந்த ஊர் பனிமலை?" என்று பேரப்பிள்ளை கேட்கக் கூடாது. "இது யாரு பாட்டி?" என்று கேட்க வேண்டும். அதற்குச் சொல்ல ஒரு கதையும் இருக்க வேண்டும்.