இரண்டு மடங்கு என்றால் எத்தனை மூட்டை?

(இறுதியாண்டு மாணவன், சிவில் பிரிவு)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று சங்கச் செயலாளர் கேட்டார். காதல், வேலையில்லாத் திண்டாட்டம், நாளைய பாரதம் மூன்றையும் ஏற்கெனவே ஆட்கள் பிடித்துவிட்டார்களாம். என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு கணக்கும் அதனால் பட்ட ஓர் அவமானமும்தான். அதையே எழுதுகிறேன்.

என் அப்பா கிணற்று உறை, சிமெண்ட் தொட்டி வார்க்கும் பட்டறையில் கூலிக்கு வேலை செய்பவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளமா சேர்ந்த நாளிலிருந்து ரேஷன் கார்டு விண்ணப்பமா, கரண்ட் பில்லா, எதுவானாலும் "தம்பிகிட்ட கேளு" என்பதுதான் வீட்டுச் சட்டம். உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

நான் முதலாண்டு படிக்கும்போது அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு ஆர்டர் வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டுக்கே வந்து, "மேஸ்திரி, போன வருஷம் ஒரு தொட்டி வார்த்துக் குடுத்தீங்களே, அதே மாதிரி இன்னொண்ணு. ஆனா எல்லாப் பக்கமும் டபுளா வேணும்" என்றார். பழைய தொட்டி உள்ளளவில் நீளம், அகலம், உயரம் மூன்றும் 2 அடி. சுவர் கனம் 2 அங்குலம். ஒரு மூட்டை சிமெண்டில் முடிந்த வேலை. அப்பா என்னைப் பார்த்தார். "என்ன தம்பி, எவ்வளவு சொல்லலாம்?"

நான் யோசிக்கவே இல்லை. "டபுள்னா டபுள்தானேப்பா! ரெண்டு மூட்டை."

அப்பாவின் முகத்தில் ஒரு சந்தேகம் வந்து போனதை நான் பார்த்தேன். கைக்கணக்கில் ஏதோ இடித்திருக்க வேண்டும். ஆனால் படித்த பிள்ளை சொல்லிவிட்டானே! பழைய ரேட்டைப் போல இரண்டு மடங்கு சொல்லி அட்வான்சும் வாங்கிவிட்டார்.

பலகை அடைத்துக் கம்பி கட்டும்போதே தெரிந்துவிட்டது. சின்னத் தொட்டியில் ஒரு முகம் 4 சதுர அடி. மேலே திறப்பு, ஆக ஐந்து முகம், 20 சதுர அடி. பெரியதில் ஒரு முகம் 16, ஐந்துக்கும் சேர்த்து 80. பரப்பு மட்டுமே நான்கு மடங்கு! அதோடு நிற்கவில்லை. ஆழம் இரண்டு மடங்கானால் அடியில் தண்ணீரின் அழுத்தமும் இரண்டு மடங்கு. அதே 2 அங்குலச் சுவர் தாங்காது. அப்பா எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல், "கனம் கூட்டணும்" என்று 3 அங்குலமாக்கினார். நான்கை ஒன்றரையால் பெருக்குங்கள். ஆறு மூட்டை. சுவரையும் டபுளாக 4 அங்குலம் ஆக்கியிருந்தால் எட்டு மூட்டை ஆகியிருக்கும். அப்போதுதான் அது எல்லா அளவிலும் பழையதற்கு வடிவொத்த தொட்டி.

தண்ணீரோ 8 கன அடியிலிருந்து 64 கன அடிக்குப் போயிற்று. சுமார் 226 லிட்டர் பிடித்த இடத்தில் சுமார் 1,812 லிட்டர். தோட்டத்துக்காரருக்கு எட்டு மடங்கு தண்ணீர், எங்களுக்கு இரண்டு மடங்கு காசு. வாங்கிய பணம் சிமெண்டுக்கும் கம்பிக்கும் போனது. அப்பாவின் பத்து நாள் கூலி போச்சு. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். "இரு கோளங்களின் ஆரங்கள் 2:3 எனில் புறப்பரப்புகளின் விகிதம், கனஅளவுகளின் விகிதம் காண்க" என்பதற்கு 4:9, 8:27 என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். நீளத்தை எந்த எண்ணால் பெருக்குகிறோமோ, பரப்பை அதே எண்ணால் இரண்டு முறையும் கனஅளவை மூன்று முறையும் பெருக்க வேண்டும். மனப்பாடம்! ஆனால் கேள்வி கோளமாக வராமல் தோட்டத்துக்காரராக வந்ததும் அடையாளம் தெரியவில்லை.

"வாத்தியார் நடத்தினார், நீதான் கவனிக்கலை" என்கிறான் என் அறை நண்பன். பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி பாடம் நடத்தும் முறையில் இருக்கிறது என்பது என் கட்சி. நம் கான்கிரீட் லேபில் 150 மில்லிமீட்டர் கட்டையை வார்த்து உடைக்கிறோம். கூடவே 100 மில்லிமீட்டர் கட்டை ஒன்றையும் வார்த்து, இரண்டையும் நம் கையில் கொடுத்தால் என்ன? பக்கம் ஒன்றரை மடங்குதான். ஆனால் சின்னது சுமார் 2.4 கிலோ, பெரியது சுமார் 8.1 கிலோ. தூக்கியவன் மறக்கமாட்டான். பிறகு மெஷினில் வைத்து உடைத்தால், சின்னது 200 கிலோ நியூட்டனில் நொறுங்கினால் பெரியது ஏறக்குறைய 450-ல் நொறுங்கும். எடை 3.375 மடங்கு கூடியது, தாங்கும் சுமையோ 2.25 மடங்குதான் கூடியது. பெரிதாக்கப் பெரிதாக்கப் பொருள் தன் எடைக்கே திணறுவது ஏன் என்பது இந்த இரண்டு கட்டையில் இருக்கிறது.

கலிலியோ இதைத்தான் 1638-ல் 'இரு புதிய அறிவியல்கள்' என்ற நூலில் எழுதினார். அந்த நூல் தொடங்கும் இடம் எது தெரியுமா? வெனிஸ் நகரத்துக் கப்பல் பட்டறை. பெரிய கப்பலுக்கு முட்டுக்கொடுப்பதெல்லாம் ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்டால், தன் பாரத்திலேயே அது பிளந்துவிடும் என்று அங்கே ஒரு வயதான தொழிலாளி பதில் சொல்கிறார். அதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் "கனம் கூட்டணும்" காதில் கேட்டது. அந்தத் தொழிலாளியின் பேச்சைக் காதில் வாங்க ஒரு கலிலியோ இருந்தார். என் அப்பாவின் சந்தேகத்தை நான் காதில் வாங்கவில்லை.

கண்காட்சிக்கு மாடல் செய்யும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு 1:50 அளவில் மாடல் செய்கிறீர்களா? பார்க்க வருகிறவரிடம், இதில் 800 மில்லி தண்ணீர்தான் பிடிக்கும் என்று சொல்லிப் பாருங்கள். 2,000 லிட்டர் என்றுதான் முதலில் நினைப்பார்கள். நானும் நினைத்தவன்தானே!

போன மாதம் இன்னொருவர் வந்தார். அவருக்கு 3 அடித் தொட்டி. அப்பா மறுபடியும் என்னிடம் கேட்டதே எனக்குப் பெரிய விஷயம். இந்த முறை பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன். "சுவர் எவ்வளவுப்பா வைப்பீங்க?" என்று முதலில் அவரைக் கேட்டேன். "ரெண்டரை அங்குலம்" என்றார். பரப்பு 2.25 மடங்கு, கனம் 1.25 மடங்கு, பெருக்கினால் 2.81.

"மூணு மூட்டைப்பா."

அப்பா கயிற்றைப் பிடித்து அவர் பாணியில் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுத்தான் ரேட் சொன்னார். வேலை முடிந்தபோது மூன்றாவது மூட்டையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் வாசல்படியைப் பூசிவிட்டோம்.