நவம்பர் 28: தாளத்தை எழுத்தில் கட்டிய திருவாமாத்தூர் சுவாமிகள்

இசை உலகில் நவம்பர் 28-ம் தேதிக்குப் பெரிய பெயர்கள் உண்டு. 1632-ல் இதே நாளில் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் பிறந்தவர் லுல்லி. பிரான்ஸ் மன்னர் 14-ம் லூயியின் அரண்மனை இசை முழுவதும் இவர் கையில்தான் இருந்தது. மன்னர் நோயிலிருந்து தேறியதைக் கொண்டாடும் நிகழ்ச்சியில், கனமான கம்பைத் தரையில் தட்டித் தாளம் காட்டியபோது அது அவர் காலிலேயே பட்டுவிட்டது. புண் புரையோடியது. காலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. 1687-ல் காலமானார். தாளத்துக்காக உயிரை விட்டவர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அமெரிக்காவில் மோடவுன் ரெக்கார்டு கம்பெனியைத் தொடங்கிய பெர்ரி கோர்டி பிறந்தது 1929-ல், இதே நாளில். சிறு வயதிலேயே பார்வையை இழந்தும் வங்காளத்தையே பாட்டால் கட்டிப்போட்ட கே.சி.டே மறைந்தது 1962-ல், இதே நாளில். பாடகர் மன்னா டேயின் சித்தப்பா, முதல் குரு.

இந்தப் பட்டியலில் விழுப்புரத்துக்காரர்கள் சேர்க்க வேண்டிய ஒரு பெயர் இருக்கிறது: வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள். 1839 நவம்பர் 28-ல் திருநெல்வேலியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சங்கரலிங்கம். ஊர் ஊராக நடந்து, கோயில் கோயிலாகப் பாடி, கடைசியில் தங்கியது விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில். 1898 ஜூலை 5-ல் அங்கேயே சமாதியானார். வயது 58.

திருவாமாத்தூர் ஏற்கெனவே பாட்டு ஊர்தான். தேவார மூவரும் பாடிய தலம். கண் தெரியாத ஒருவரும் கால் நடக்காத ஒருவருமாகச் சேர்ந்து பாடிய இரட்டைப் புலவர்கள் இந்த ஊருக்கு ஒரு கலம்பகமே பாடியிருக்கிறார்கள். அருணகிரிநாதரின் திருப்புகழும் உண்டு.

அந்தத் திருப்புகழ்தான் சுவாமிகளைப் பிடித்துக்கொண்டது. ‘திருப்புகழ்ச் சுவாமிகள்’ என்றே அவரை அழைத்தார்கள். திருப்புகழ் போலச் சந்தம் துள்ளும் பாட்டுக்கு ‘வண்ணம்’ என்று பெயர். வண்ணம் பாடுவதில் நிகரில்லாதவர் என்பதால் ‘வண்ணச்சரபம்’. பாடியதோடு நிற்காமல், அதை எப்படிக் கட்டுவது என்று ‘வண்ணத்தியல்பு’ என்னும் இலக்கணமும் எழுதி வைத்தார். இசைக்காரர்கள் அவரை நினைக்க இந்த ஒரு நூலே போதும்.

இலக்கணம் என்றதும் பயப்பட வேண்டாம். ‘தத்த’ என்று சந்தம் வரும் இடத்தில் ‘பட்டு’ என்ற சொல் உட்காரும். ‘பாட்டு’ உட்காராது. அதற்கு ‘தாத்த’ வேண்டும். ‘பந்து’ என்றால் ‘தந்த’. ‘சாந்து’ என்றால் ‘தாந்த’. ‘படி’க்கு ‘தன’, ‘பாடி’க்கு ‘தான’. ‘கண்ணு’க்கு ‘தன்ன’, ‘பல்லு’க்கு ‘தய்ய’. குறிலா நெடிலா, வல்லினமா மெல்லினமா இடையினமா என்று ஒவ்வோர் எழுத்துக்கும் இடம் ஒதுக்கியாகிவிட்டது. முதல் அடியில் போட்ட கணக்கு கடைசி அடி வரை பிசகக் கூடாது. வீட்டில் பிள்ளைகளோடு பத்து நிமிடம் விளையாடிப் பாருங்கள். இரண்டாவது அடியிலேயே மூச்சு வாங்கும்.

இதில் என்ன லாபம்? அருணகிரியார் எந்த மெட்டில் பாடினார் என்பது இன்று யாருக்கும் தெரியாது. அந்த ராகங்கள் போயே போய்விட்டன. தாளம் மட்டும் போகவில்லை. அது எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. ஓலையில் ஓர் இடம் செல்லரித்திருந்தால்கூட, அங்கே எந்த இன எழுத்து இருந்திருக்கும் என்று சந்தத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

ஓலைகள் செல்லரித்தது கற்பனை அல்ல. விழுப்புரம், திண்டிவனம், கடலூர் எல்லாம் தென்னாற்காடு என்ற ஒரே மாவட்டமாக இருந்த காலம் அது. 1871-ல் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் ஒரு வழக்கு. சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் பெருமைக்குச் சான்றாக ஒரு திருப்புகழைக் காட்டினார்கள். அங்கே பணியில் இருந்த வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை அதில் சொக்கிப்போய், ஊர் ஊராக ஓலை தேட ஆரம்பித்தார். முதல் தொகுதி அச்சாக 1894 ஆயிற்று. அருணகிரியார் 16,000 பாடினார் என்பது மரபு. கைக்குக் கிடைத்தவை 1,300 சொச்சம்.

அப்படிக் கிடைத்தவற்றில் இந்தப் பக்கத்துத் தலங்களின் பாட்டுகள் கணிசம். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் மயிலம், அந்தப் பக்கமே திருவக்கரை, தெற்கே திருவாமாத்தூர், திருவெண்ணெய்நல்லூர். திண்டிவனத்துக்குப் பாட்டுச் சொந்தம் இன்னும் பழையது. சிறுபாணாற்றுப்படையில் யாழ் ஏந்திய பாணர்கள் பரிசு தேடிப் போகும் நல்லியக்கோடனின் கிடங்கில், இன்றைய திண்டிவனத்துக்குள்தான் இருக்கிறது.

மெட்டு தொலைந்த பாட்டுகளுக்குப் பின்னால் வந்தவர்கள் புது மெட்டுப் போட்டார்கள். காஞ்சிபுரம் நாயனா பிள்ளை கச்சேரி மேடைக்குத் திருப்புகழைக் கொண்டுவந்தார். டெல்லியில் ஏ.எஸ்.ராகவன் நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு ராகம் அமைத்து, ஆபீஸ் போகிறவர்களையும் இல்லத்தரசிகளையும் கூட்டமாகப் பாட வைத்தார். 1964-ல் வந்த ‘அருணகிரிநாதர்’ படத்தில் டி.எம்.சௌந்தரராஜன் நடித்துப் பாடிய பிறகு, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாயிலும் திருப்புகழ் புரண்டது. மெட்டு எத்தனை மாறினாலும் எல்லோருக்கும் கீழே ஓடுவது அதே ‘தத்த தந்த’ கணக்குதான்.

சுவாமிகளின் பாட்டுகளுக்கு அந்த யோகம் இன்னும் வரவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேல் பாடினார் என்கிறார்கள். முருகன் காட்சி தரவில்லை என்ற ஏக்கத்தில் அவரே பலவற்றை அழித்துவிட்டதாகவும் சொல்வதுண்டு. மிஞ்சியவை பாதி அளவு. கோவை சிரவை ஆதீனத்தார் அவருடைய நூல்களைப் பதிப்பித்திருக்கிறார்கள். புலவர்களின் வாழ்க்கையைச் செய்யுளாக்கிய ‘புலவர் புராணம்’ தமிழ் படிப்பவர்களுக்குத் தெரியும். வண்ணங்கள் மட்டும் ஏட்டோடு நிற்கின்றன. சந்தம் தயாராக இருக்கிறது. மெட்டுப் போட ஆள் வர வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து திருவாமாத்தூர் சில கிலோமீட்டர்தான். அபிராமேஸ்வரரைக் கும்பிடப் போகிறவர்கள் சுவாமிகளின் சமாதியையும் விசாரித்துப் பார்த்துவிட்டு வரலாம்.