நாக்கை நீட்டுங்கள், நாடியைக் காட்டுங்கள்!

தலைவலி என்று இரண்டு பெண்கள் சீன வைத்தியரிடம் போனால், இருவருக்கும் ஒரே மருந்து கிடைக்காது. நாக்கைப் பார்ப்பார், இரு கையிலும் நாடி பிடிப்பார். பசி, தூக்கம், மாதவிலக்கு எல்லாம் விசாரிப்பார். அப்புறம்தான் ஊசி எங்கே, மூலிகை எது என்பதெல்லாம். நம்ம ஊர் நாடி வைத்தியர் மாதிரிதான்!

'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்று மட்டும் இருக்காதீங்க. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில், உடம்பு இளைக்க வந்தவர்களுக்குக் கொடுத்த மாத்திரையில், பெயர்க் குழப்பத்தால் ஒரு சீன வேருக்குப் பதில் வேறொன்று சேர்ந்துவிட்டது. பெரும்பாலும் பெண்கள், பலருக்குச் சிறுநீரகமே போயிற்று.

கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காத வைத்தியரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மூலிகையின் பெயரை எழுதி வாங்கிக் குடும்ப டாக்டரிடம் காட்டுங்கள். ஊசி உறை பிரித்த புதுசா என்றும் பாருங்கள். இதிலெல்லாம் கூச்சம் எதற்கு?