செவிலியருக்கு யோகா வகுப்பு போதுமா?

அறுவைச் சிகிச்சை வார்டில் தையல் பிரித்ததும் நோயாளி வீட்டுக்குப் போவார். செவிலியருக்கும் மனசு நிறையும். மனநல வார்டில் அப்படியில்லை. தேறிப் போனவரே மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடியும் வந்து நிற்பார். சில இரவுகளில் வசவு, சில நேரம் அடி. காலையில் அதே நோயாளிக்குச் சிரித்த முகத்தோடு மாத்திரை கொடுக்க வேண்டும்.

இப்படியே போனால் என்ன ஆகும்? களைப்பு, வேலையில் வெறுப்பு, 'நம்மால் யாருக்கு என்ன பயன்' என்ற எண்ணம். இந்த மூன்றையும் சேர்த்துத்தான் 2019இல் உலக சுகாதார நிறுவனம் 'பர்ன் அவுட்' என்றது. அதை நோய் என்று சொல்லவில்லை. சரிசெய்யப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றது. அப்படியானால் மருந்தும் பணியிடத்தில்தான் இருக்கிறது. யோகா வகுப்பு நல்லதுதான். ஆனால் ஒருவரே வார்டு முழுவதையும் பார்க்கும் இரவு டூட்டிக்கு, கூட இன்னொரு செவிலியர்தான் வேண்டும்.