காளையைக் கட்டிப்போட்டு ஒரு ஜல்லிக்கட்டு

2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை மதியம். வில்லாபுரம் ஹவுசிங் போர்டு பக்கம் ஒரு டீக்கடை. டி.வி-யில் கொல்கத்தா டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. தென்னாப்பிரிக்காவை ஜெயிக்க இந்தியாவுக்கு வேண்டியது வெறும் 124 ரன். 'வடை ஆறுறதுக்குள்ள முடிச்சிருவாய்ங்க' என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர். முடிந்துதான் போனது. காயம்பட்ட கேப்டன் கில் ஆட வரவில்லை. மற்றவர்கள் 93 ரன்னில் சுருண்டார்கள். 30 ரன் வித்தியாசத்தில் தோல்வி. ஐந்து நாள் டெஸ்ட், மூன்றாவது நாளே மூட்டையைக் கட்டிவிட்டது.

"நாம வெட்டுன குழியில நாமளே விழுந்துட்டோம்ணே..." என்றான் டீ ஆற்றிக்கொண்டிருந்த பையன்.

அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான். அதை விளக்க எனக்குத்தான் இத்தனை பத்திகள் தேவைப்படுகின்றன.

அந்த மேட்ச்சின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 159, 189, 153, 93. நாலு இன்னிங்ஸில் ஒன்றுகூட இருநூறைத் தொடவில்லை. இரண்டு அணியிலும் சேர்த்து ஐம்பதைத் தாண்டியவர் ஒரே ஒருத்தர், தென்னாப்பிரிக்க கேப்டன் பவுமா. அவர் எடுத்தது 55. சரி, பிட்ச் தப்பாக அமைந்துவிட்டது என்று விட்டுவிடலாமா? முடியாது. நாங்கள் கேட்ட பிட்ச் இதுதான் என்று நம் பயிற்சியாளர் கௌதம் கம்பீரே சொன்னார். அதாவது இது விபத்து இல்லை, ஆர்டர் கொடுத்துச் செய்த சமையல்.

என் வழக்கு இந்த 'ஆர்டர்' மேல்தான்.

வில்லாபுரத்துக்கு அடுத்தாற்போல அவனியாபுரம். தை முதல் நாள் அங்கே ஜல்லிக்கட்டு. கிரிக்கெட் தெரியாதவர்களுக்கும் இது தெரியும் என்பதால் இந்த உதாரணம். வாடிவாசலுக்கு முன்னால் தரையில் தென்னை நாரைக் கொட்டிப் பரப்பி வைப்பார்கள். காளையும் வழுக்கி விழக்கூடாது, வீரனும் எலும்பை முறித்துக்கொள்ளக்கூடாது. திமிலைத்தான் பிடிக்க வேண்டும். வாலைப் பிடித்தால் ஆட்டம் செல்லாது. ஏன் இத்தனை ஏற்பாடு? காளைக்கும் ஒரு வாய்ப்பு, மாடுபிடி வீரனுக்கும் ஒரு வாய்ப்பு. இரண்டில் எது ஜெயிக்கும் என்று தெரியாத அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் ஊரே வெயிலில் நிற்கிறது. காளையைக் கயிற்றில் கட்டிப்போட்டு 'அடக்கிவிட்டேன்' என்று ஒருத்தன் கை தூக்கினால் நீங்கள் கைதட்டுவீர்களா? நம் ஊரில் அவனுக்குக் கிடைப்பது அண்டா இல்லை, வேறு ஒன்று.

டெஸ்ட் கிரிக்கெட்டில் அந்தத் தரைதான் பிட்ச். 22 கஜ மண். மற்ற விளையாட்டுகளில் தரை சும்மா கிடக்கும். இங்கே அதுவும் ஓர் ஆட்டக்காரர். முதல் நாள் காலை கொஞ்சம் ஈரம், கொஞ்சம் புல். வேகப்பந்து வீச்சாளருக்கு அந்த இரண்டு மணி நேரம் சொர்க்கம். வெயில் ஏறி ஈரம் போனதும் இரண்டாம், மூன்றாம் நாள் பேட்ஸ்மேன்களின் ராஜ்ஜியம். நாலாம் நாள் களிமண் காய்ந்து சுருங்கி விரிசல் விடும். ஸ்பின்னர் கையை முறுக்கிக்கொண்டு வருவார். ஐந்து நாளில் ஒரே மண் மூன்று பேருக்கும் முறை வைத்து இடம் கொடுக்கிறது. டெஸ்ட் மேட்ச்சின் சஸ்பென்ஸ் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள மதுரைக்காரர்களுக்குப் பாடம் தேவையில்லை. நமக்குத் தெற்கே அருப்புக்கோட்டை போகிற வழியெல்லாம் கரிசல். தண்ணி பட்டால் ஊறி உப்பும், காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். செம்மண் சங்கதி வேறு. செம்மண் பிட்ச்சில் பந்து நன்றாக எழும்பும். கரிமண்ணில் தாழ்ந்து, மெதுவாக வரும். சின்ன வயதில் வற்றிய கண்மாயில் கார்க் பால் வைத்து ஆடியவர்களைக் கேளுங்கள். ஒரு பந்து முட்டிக்கு வரும், அதே இடத்தில் விழுந்த அடுத்த பந்து உருண்டு ஓடும். நானும் அப்படி எத்தனையோ முறை போல்டு ஆகி, மண்ணைத் திட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். மண்ணுக்கு ஒரு 'பதம்' உண்டு என்பார் விவசாயி. எப்போது தண்ணீர், எப்போது உருளை, எவ்வளவு புல் என்று அந்தப் பதம் பார்ப்பதுதான் கியூரேட்டரின் தொழில். தண்ணீரை முன்கூட்டியே நிறுத்தி, புல்லை மழித்துவிட்டால் ஐந்தாம் நாள் வர வேண்டிய கிழட்டுப் பிட்ச் முதல் நாளே வந்துவிடும். குழந்தை பிறக்கும்போதே நரைத்த தலையோடு பிறந்த மாதிரி.

நல்ல பிட்ச் எப்படி இருக்கும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். சேப்பாக்கம் போதும். 1999 ஜனவரி, பாகிஸ்தான் டெஸ்ட். அந்தப் பிட்ச்சில் அஃப்ரிதி 141 அடித்தார். அதே பிட்ச்சில் வேகப்பந்து வீச்சாளர் வெங்கடேஷ் பிரசாத் 33 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். அதே பிட்ச்சில் சக்லைன் முஷ்டாக் மேட்ச்சில் 10 விக்கெட். அதே பிட்ச்சில் முதுகுவலியோடு சச்சின் 136. 271 ரன் துரத்தியபோது சச்சின் அவுட் ஆகையில் தேவை 17 ரன். மிச்சமிருந்த மூன்று விக்கெட்டும் நாலு ரன்னுக்குள் போயின. 12 ரன்னில் தோற்றோம். சேப்பாக்கம் என்ன செய்தது? எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். தோற்ற மேட்ச்சை இத்தனை வருஷம் கழித்தும் பேசிக்கொண்டிருக்கிறோமே, ஏன்? யாரும் ஏமாற்றப்படவில்லை. பேட், வேகம், சுழல் மூன்றுக்கும் அந்த மண் நியாயம் செய்தது.

இப்போது நேர் எதிர் உதாரணம். 1997 ஆகஸ்ட், கொழும்பு. இந்தியா 8 விக்கெட்டுக்கு 537. இலங்கை 6 விக்கெட்டுக்கு 952. ஐந்து நாளில் விழுந்தது மொத்தம் 14 விக்கெட். தன் முதல் டெஸ்ட்டில் வீசிய முதல் பந்திலேயே விக்கெட் எடுத்தார் நிலேஷ் குல்கர்னி. பாவம், அதுதான் அவருக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம். அந்த இன்னிங்ஸ் முடிவில் அவர் கணக்கு 195 ரன்னுக்கு 1 விக்கெட். ஜெயசூரியாவும் மகாநாமாவும் 576 ரன் பார்ட்னர்ஷிப் போட்டார்கள். சாதனைப் புத்தகத்தில் ஏறியது, சரி. பார்த்தவர்கள்? சிமென்ட் ரோட்டில் பந்து போடுகிறவனை எவ்வளவு நேரம் பார்ப்பது? அங்கே கட்டிப்போடப்பட்டது பந்துவீச்சாளர். கொல்கத்தாவில் பேட்ஸ்மேன். கயிறு ஒன்றுதான்.

'வெள்ளைக்காரன் மட்டும் யோக்கியமா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 2023 மார்ச்சில் இந்தூர் டெஸ்ட் மூன்றாம் நாள் முடிந்ததும் பிட்ச் 'மோசம்' என்று ஐ.சி.சி. முத்திரை குத்தியது. அப்பீலுக்குப் பிறகுதான் அதைக் கொஞ்சம் குறைத்தார்கள். 2025 நவம்பரில் பெர்த்தில் ஆஷஸ் டெஸ்ட் இரண்டே நாளில் முடிந்தது. அந்தப் பிட்ச்சுக்குக் கிடைத்த மார்க் 'மிக நன்று'! பந்து எகிறினால் வீரம், திரும்பினால் மோசடி என்கிற இந்தப் பாகுபாட்டை நான் ஒரு நாளும் ஏற்க மாட்டேன். முதல் நாளே பந்து திரும்புவது பாவம் இல்லை. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கம் பிட்ச்சைக் குறை சொன்னவர்களுக்கு ரோஹித் 161 அடித்தும், அஸ்வின் 106 அடித்தும் பதில் சொன்னார்கள். ஆடத் தெரிந்தால் ஆடலாம் என்கிற வரைக்கும் அது பிட்ச். ஆடத் தெரிந்தவனும் அதிர்ஷ்டத்தை நம்பித்தான் நிற்க வேண்டும் என்று ஆகும்போது அது லாட்டரிச் சீட்டு. அவன் தப்பைச் சுட்டிக்காட்ட வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் குப்பையைத் தெருவில் கொட்டுகிறான் என்பதற்காக நாம் நடுக்கூடத்தில் கொட்டிக்கொள்ள முடியுமா?

'சொந்த ஊர் சாதகம் இருக்கக் கூடாதா சார்?' இருக்கட்டும். இங்கிலாந்துக்கு மேகம், ஆஸ்திரேலியாவுக்கு எகிறும் பந்து, நமக்கு வெயிலும் காய்ந்த மண்ணும். இயற்கை கொடுத்த சீர் அது. அதை ஒருவரும் கேட்க முடியாது. ஆனால், போன மேட்ச்சில் தோற்றோம், அடுத்த மேட்ச்சுக்கு மண்ணை மாற்று என்பது சாதகம் இல்லை, பயம். அந்தப் பயம் நமக்கு என்ன சம்பாதித்துக் கொடுத்தது? 2013 முதல் சொந்த மண்ணில் தொடர்ந்து 18 தொடர்களை ஜெயித்த அணி நாம். 2024 அக்டோபரில் நியூசிலாந்து வந்தது. பெங்களூருவில் 46 ரன்னுக்கு ஆல் அவுட் ஆகித் தோற்றோம். அடுத்து புனேயிலும் மும்பையிலும் சுழல் பிட்ச். புனேயில் மிட்செல் சான்ட்னர் மேட்ச்சில் 13 விக்கெட் எடுத்தார். அதுவரை டெஸ்ட்டில் ஒரு இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்கூட எடுத்திராதவர்! மும்பையில் 147 ரன் எடுக்க முடியாமல் 121-ல் சுருண்டோம். 3-0. சொந்த மண்ணில் இப்படி ஒரு அவமானம் நமக்கு முன்பு நடந்ததில்லை. இதிலிருந்து பாடம் படித்தோமா? அடுத்த வருஷமே கொல்கத்தா.

இதில் இருக்கிற கணக்கு ரொம்ப எளிது. குண்டும் குழியுமான பிட்ச்சில் பெரிய ஸ்பின்னரும் ஒன்று, சுமாரான ஸ்பின்னரும் ஒன்று. பந்தை ஓர் இடத்தில் போட்டால் போதும், மிச்சத்தை மண் பார்த்துக்கொள்ளும். அப்படியென்றால் அஸ்வின் மாதிரி ஒருவர் வருஷக்கணக்கில் கற்ற வித்தைக்கு என்ன மதிப்பு? அதே அஸ்வின், 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தின் செம்மண் பிட்ச்சில் வங்கதேசத்துக்கு எதிராக என்ன செய்தார்? முதல் நாள் அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளர் ஹசன் மஹ்மூத் நம்மை மிரட்டினார். 144-க்கு 6 விக்கெட். அந்த நேரத்தில் அஸ்வின் 113 அடித்தார். பிறகு பும்ராவின் முறை. கடைசியில் அஸ்வின் ஆறு விக்கெட். 280 ரன்னில் வெற்றி. யாரும் குறை சொல்லவில்லை. நேர்மையான மண்ணில் திறமைசாலிதான் ஜெயிப்பான். திறமை நம்மிடம் இருக்கும்போது குறுக்கு வழி எதற்கு?

வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் கவுன்ட்டி போட்டிகளில் 2016-லிருந்து நாலு சீசன் ஒரு விதி வைத்துப் பார்த்தார்கள். வந்த அணியின் கேப்டன் விரும்பினால், டாஸ் போடாமலேயே முதலில் பந்துவீசலாம். உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குத் தோதாகப் பிட்ச்சைச் சமைப்பதைத் தடுக்கத்தான். டெஸ்ட்டில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். பேட்டிங்கா, பவுலிங்கா என்று விருந்தாளியே முடிவு செய்யட்டும். சமைத்தவனே முதல் வாய் சாப்பிட வேண்டும் என்று வந்தால் சாம்பாரில் உப்பு சரியாக இருக்கும். இரண்டாவது, கியூரேட்டருக்கு கேப்டனோ கோச்சோ உத்தரவு போடக்கூடாது. அம்பயரிடம் 'இன்றைக்கு எனக்குச் சாதகமாகக் கை தூக்குங்கள்' என்று சொல்ல முடியாதல்லவா? இவருக்கும் அதே அந்தஸ்து வேண்டும். மூன்றாவது, ஐ.சி.சி. மார்க் போடும்போது பந்து எகிறியதா திரும்பியதா என்று பார்க்காமல், இரண்டு பக்கமும் வாய்ப்பு இருந்ததா என்று பார்க்கட்டும்.

'கிரிக்கெட்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?' என்பீர்கள். சொல்கிறேன். எங்களுக்குப் பக்கத்தில் சிந்தாமணியில் ஒரு பெரிய கிரிக்கெட் மைதானம் வந்திருக்கிறது. 2025 அக்டோபரில் தோனி வந்து திறந்து வைத்தார். அதற்குப் பிறகு சாயங்காலமானால் வில்லாபுரத்துத் தெருக்களில் கிட் பேக்கைச் சுமந்துகொண்டு சைக்கிளில் போகிற பையன்களைப் பார்க்கிறேன். முதுகைவிடப் பை பெரிசு. அதில் ஒருவன் வேகமாகப் பந்துவீச ஆசைப்படுகிறான், ஒருவன் நாள் முழுக்க நின்று ஆட. டி.வி-யில் அவன் என்ன பார்க்கிறான்? இரண்டு மணி நேரம் நின்று ஆடத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் வித்தியாசம் இல்லாத மேட்ச். பும்ரா ஐந்து விக்கெட் எடுத்தாலும் வேகத்துக்கு வேலையில்லை என்று சமைக்கப்பட்ட பிட்ச். உழைத்தால் பலன் உண்டு என்று நாம் அவனுக்குச் சொல்கிறோம். அந்த மண் அவனிடம் வேறு ஏதோ சொல்கிறது.

நம் பங்கும் இதில் உண்டு. மூன்று நாளில் எதிரணியை மடக்கினால் 'செம மிதி' என்று கொண்டாடினோமே, அன்றைக்கு நாம் பிட்ச்சைப் பற்றி வாய் திறந்தோமா? தோற்ற பிறகு மட்டும் மண்ணைத் திட்டுகிறவர்கள், ஜெயித்த அன்றைக்கும் திட்டப் பழக வேண்டும். நான் உட்பட.

மேட்ச் முடிந்ததும் டீக்கடைக்காரர் சேனலை மாற்றிவிட்டார். ஏதோ ஒரு பழைய படம். "இன்னும் ரெண்டு நாள் ஓடும்னு நெனச்சேன்... மேட்ச் நடந்தா நமக்கும் நாலு டீ கூடப் போகும்" என்றார். ஈடன் கார்டனில் நாலாம் நாளுக்கு டிக்கெட் வாங்கி வைத்தவர் மட்டுமில்லை, வில்லாபுரத்தில் பால் கூடுதலாக வாங்கி வைத்தவரும் ஏமாந்துதான் போனார்.