அமைதியான கிராமம் என்னும் பொய்

கொலையும் திடீர்ச் சாவும் நகரத்தின் நோய், துறைமுகமும் ஆலையும் வந்த பிறகே மக்களைப் பிடித்த நோய் என்ற நம்பிக்கை தமிழகத்தில் படித்தவர்களிடமும் படிக்காதவர்களிடமும் ஊறிக் கிடக்கிறது. அந்தக் காலத்துக் கிராமம் என்றால் ஏரிக்கரை, கோயில் மணி, ஒருவருக்கொருவர் உதவி என்று ஒரு படம். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்றால் அரிவாளும் ரவுடியும் என்று இன்னொரு படம். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து வேலை கேட்டுப் போகும் இளைஞனை அவன் முகவரியை வைத்தே எடைபோடுவதற்கு இந்த இரண்டாவது படம் போதுமானதாக இருக்கிறது. இரண்டு படங்களும் பொய். 19ஆம் நூற்றாண்டில் எண்ணூரும் திருவொற்றியூரும் நகரத்துக்கு வெளியே, செங்கல்பட்டு ஜில்லாவின் நாட்டுப்புற ஊர்களாக இருந்தன. அந்த ஜில்லாவைப் பற்றியும் சென்னை மாகாணத்தைப் பற்றியும் அரசாங்கமே அச்சிட்டு வைத்த ஆவணங்களில் தெரியும் கிராமம், அடியாலும் பசியாலும் ஆளப்பட்ட கிராமம்.

இந்த நம்பிக்கை ஊர்ச் சாவடியில் பிறந்ததன்று. 1812இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வைக்கப்பட்ட ஐந்தாவது அறிக்கையும், 1830இல் சார்லஸ் மெட்காஃப் எழுதிய குறிப்பும் இந்தியக் கிராமத்தைத் தன்னிறைவு கொண்ட சிறு குடியரசாக வரைந்தன. வரி வசூலிக்க வந்த அதிகாரிகளுக்கு, தானே தன்னை ஆண்டுகொள்ளும் அமைதியான கிராமம் வசதியான கற்பனை. பின்னாளில் தேசிய இயக்கத்தார் அதையே பெருமிதமாக எடுத்துக்கொண்டார்கள். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் மெட்காஃபின் பெயரைச் சொல்லியே அந்தக் கற்பனையை மறுத்தார். மறுப்பு நூல்களில் நின்றுவிட்டது; படம் மட்டும் சினிமாவிலும் மேடைப் பேச்சிலும் வாழ்கிறது.

முதலில் வரி. 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டங்களின்படி சென்னை மாகாணத்தில் தாசில்தாரே போலீசுக்கும் தலைவர். கிஸ்தி வசூலிப்பவனும் குற்றம் விசாரிப்பவனும் ஒரே ஆள் என்றால், கட்ட முடியாத குடியானவன் எங்கே போய் முறையிடுவான்? சென்னையில் காஜுலு லட்சுமிநரசு செட்டி 1852இல் நிறுவிய சென்னை சுதேசி சங்கம் இந்தக் கொடுமையை லண்டன்வரை கொண்டுபோயிற்று. நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் இங்கே வந்து நேரில் பார்த்தார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் விவாதம் எழுந்ததும், எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட விசாரணைக் குழுவை அரசு அமைக்க வேண்டியதாயிற்று. குறுகிய கால அவகாசத்தில், தொலைவான ஜில்லாக்களிலிருந்தெல்லாம் நேரிலும் கடிதத்திலுமாக 1,959 புகார்கள் வந்தன.

1855இல் வெளிவந்த அந்தக் குழுவின் அறிக்கையைப் படிப்பவர் எவரும் அதற்குப் பிறகு அமைதியான கிராமம் என்று எழுதக் கூசுவர். இரண்டு கட்டைகளுக்கிடையே விரலையோ தொடையையோ வைத்து நெரிக்கும் கிட்டி. கழுத்தையும் கால் கட்டைவிரலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்தபடியே வெயிலில் நிற்கவைக்கும் அண்ணாந்தாள். தலைமுடியைக் கழுதையின் வாலிலோ எருமையின் வாலிலோ கட்டுவது, முதுகில் கல்லேற்றுவது, சோறு தண்ணீர் இல்லாமல் அடைத்துவைப்பது என்று பட்டியல் நீள்கிறது. சிலர் செத்தும் போனார்கள். இவை கொள்ளைக்காரன் செய்தவை அல்ல. வரிப் பாக்கிக்காகச் சேவகனும் தாசில்தாரின் ஆளும், ஊர் பார்த்துக்கொண்டிருக்க, பகலில் செய்தவை. பழக்கம் பரவலானது என்று ஒப்புக்கொண்ட குழு, பழி முழுவதையும் உள்ளூர்ச் சிப்பந்திகள் மேல் போட்டு வெள்ளை அதிகாரிகளை விடுவித்தது. வசூல் தொகையை நிர்ணயித்துக் கேட்டவர்கள் யார் என்பதை எண்ணினால் அந்த விடுவிப்பு நிற்காது. 1857 செப்டம்பரில் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் டெய்லி ட்ரிப்யூனில் இந்த அறிக்கையைக் கொண்டே பிரிட்டிஷ் ஆட்சியைக் கேள்வி கேட்டார். போலீசை வருவாய்த் துறையிலிருந்து பிரித்த சட்டம் 1859இல்தான் வந்தது.

அரசின் கை ஓரளவு கட்டுப்பட்ட பிறகும் நிலத்தின் கை கட்டுப்படவில்லை. செங்கல்பட்டு மிராசு ஜில்லா. ஊர் நிலத்தின் மேல் பரம்பரைப் பங்கு கொண்ட மிராசுதாருக்கு, தரிசை யார் உழலாம் என்பதிலும் முதல் உரிமை உண்டு. சேரி நிற்கும் மண்ணையும் அவர் தம்முடையது என்றார். 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஆனாலும் படியாள் என்னும் பண்ணையடிமை படியாளாகவே இருந்தார். 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய குறிப்பு, இது எப்படி நடந்தது என்பதைக் காட்டுகிறது. திருமணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சில ரூபாய்க் கடனுக்காகத் தன்னையே அடகு வைத்து எழுதிக்கொடுத்த பத்திரங்கள். அப்பன் கடன் மகன் தலையில். விட்டுப் போக நினைத்தால் குடிசையைப் பிரிப்பேன் என்ற மிரட்டல். எதிர்த்துத் தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால் அடியும் பொய் வழக்கும்.

வருவாய் வாரியம் இந்தக் குறிப்பை மிகையானது என்று ஒதுக்கப் பார்த்தது. தென்னாட்டில் பண்ணையடிமை முறை மென்மையானது, ஆண்டையும் ஆளும் ஒரு குடும்பம்போல என்பது அதிகாரிகள் பலர் நம்ப விரும்பிய கதை. இன்று அந்தக் காலத்தில் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று சொல்கிறவர்கள் அந்தக் கதையைத்தான் வார்த்தை மாற்றிச் சொல்கிறார்கள். ஒருவன் வாய் திறந்தால் அவன் வீடு போய்விடும் என்ற இடத்தில் சச்சரவு இருக்காது. அங்கே இருந்த மௌனத்துக்கு ஒற்றுமை என்று பெயர் வைப்பது, அடிபட்டவனை இரண்டாம் முறை அடிப்பது.

அடுத்தது 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சம். மழை பொய்த்தது உண்மை. ஆனால் ரயில் ஓடிக்கொண்டிருந்தது, வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. தானியம் இருந்தும் வாங்கக் காசில்லாமல் கூலிக்காரர்கள் செத்தார்கள். இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அந்த அளவில் உழைக்கும் உடல் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். கூலி உயர்வதற்குள் முகாம்களில் காலரா புகுந்துவிட்டது. ராயபுரத்துப் பக்கம் மணியக்காரர் சத்திரத்தில் ஜில்லாக்களிலிருந்து நடந்து வந்தவர்கள் கஞ்சிக்கு நின்றார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த கால்வாய்த் துண்டு இந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டது. எண்ணூர் வழியாகப் போகும் பழைய காக்ரேன் கால்வாயும் சேர்ந்து அதற்கு கவர்னர் பக்கிங்ஹாமின் பெயர் வந்தது. 1871 கணக்கெடுப்பில் மாகாணத்தின் மக்கள்தொகை சுமார் 3 கோடியே 12 லட்சம்; 1881இல் சுமார் 3 கோடியே 8 லட்சம். பத்தாண்டில் கூட வேண்டிய எண்ணிக்கை குறைந்திருக்கிறது. செத்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள்.

கடலோரத்தின் கதை சிறிது, ஏனெனில் அதை எழுதியவர் குறைவு. 1805 முதல் உப்பு அரசின் ஏகபோகம். தானாக விளைந்த உப்பை அள்ளினாலும் குற்றம். கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் மணல் திட்டு இடம் மாறும். அலையில் கட்டுமரம் கவிழ்ந்து போனவனின் உடல் பல நேரம் கரை சேராது. சேராத உடலுக்கு விசாரணையும் இல்லை, பதிவும் இல்லை.

அப்படியானால் அந்தக் காலத்துக் கொலைக் கணக்கு ஏன் குறைவு என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கை எழுதியவர் யார் என்று பார்க்க வேண்டும். கிராமத்தில் திடீர்ச் சாவு நேர்ந்தால் தகவல் தரவேண்டியவர் கிராம முன்சீப். பெரும்பாலும் அவரே நிலக்காரர், அல்லது நிலக்காரரின் உறவு. களத்தில் அடிபட்டுச் செத்த படியாளைப் பேதி கண்டு போனான் என்றோ, துரத்தப்பட்டுக் கிணற்றில் விழுந்த பெண்ணைக் கால் தவறியவள் என்றோ எழுத அவருக்குத் தடையில்லை. சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899இல்தான் வந்தது. மறைக்க முடியாத அளவுக்குப் பெரிதானவை மட்டுமே ஏட்டில் ஏறின: 1895இல் கழுகுமலை, 1899 ஜூனில் சிவகாசிக் கலவரம். இரண்டிலும் கோயிலுக்குள் யார் போகலாம், எந்த வீதியில் யார் ஊர்வலம் விடலாம் என்பதற்காக ரத்தம் சிந்தியது. இரண்டு ஊர்களிலும் நகரத்து ரவுடிகள் இருக்கவில்லை.

வடசென்னையில் குற்றமே நடப்பதில்லை என்று எவரும் வாதிடத் தேவையில்லை. கத்திக்குத்து மட்டுமே வன்முறையாகவும் மற்றச் சாவெல்லாம் விதியாகவும் எண்ணப்படும் கணக்குமுறைதான் கண்டிக்கப்பட வேண்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த கச்சா எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்களின் படகையும் வலையையும் மூடியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடினார்கள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து 9 வெளிமாநிலத் தொழிலாளர்கள் இறந்தார்கள். இவற்றை வைத்து எவரும் ஒரு வட்டாரத்தின் ஆலை முதலாளிகளை வன்முறையாளர்கள் என்று அழைத்ததில்லை. ஒரு தெருச் சண்டையை வைத்துக் குப்பத்து மக்கள் எல்லாரையும் அப்படி அழைக்கிறார்கள்.

கிராமத்தின் வன்முறையும் 19ஆம் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை. ட்ரெமென்ஹீர் குறிப்பின் விளைவாக 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணையிலிருந்து கிளைத்ததே, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம். கைமாறிப்போன அந்த நிலத்தைத் திருப்பித் தரக் கேட்டுச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள்.